அத்தை ஒட்டிய படம்

அப்பாவின் தங்கையைக் கட்டிய மாமா, பிரான்சில் ஒரு தொலைக்காட்சிக் கம்பெனியில் ஒலிப்பதிவுக்காரராக இருந்தார். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய்; அதனால் வந்த பிரெஞ்சுக் குடியுரிமையில் கிடைத்த வேலை. அத்தை எங்களோடு முதலியார்பேட்டையில் இருந்தாள். நான் ஆறாவது படிக்கும்போது, லெபனானில் நடந்த சண்டையைப் படமெடுக்கப் போன இடத்தில், மாமாவையும் அவரோடு போன கேமராக்காரரையும் யாரோ துப்பாக்கியைக் காட்டி காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பாரிசில் தினமும் செய்தியின்போது, கடத்தப்பட்டவர்களின் படத்தைக் காட்டுகிறார்கள் என்று அங்கிருந்த உறவுக்காரர் எதிர்வீட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னார். கேமராக்காரர் படம் வருகிறதாம், மாமா படம் வரவில்லையாம். அன்று முழுக்க அத்தை சோற்றைத் தொடவில்லை. மறுநாள் காலையில், "அவங்க காட்டலன்னா நான் காட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, மாமாவின் போட்டோவோடு அச்சகத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

எங்கள் ஊரில் சாதாரண மனிதர் ஒருவரின் முகம் சுவரில் ஏறுவது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான். அச்சகக்காரரும் பாவம் என்ன செய்வார்? கைப்பழக்கத்தில் சுற்றிலும் கறுப்புக் கட்டம் போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றிக் கொடுத்துவிட்டார். மாமாவை மீட்கச் சொல்லும் வரி அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. அத்தை கத்தரிக்கோலால் கட்டத்தையும் விளக்கையும் வெட்டி எறிந்தாள். மைதாவில் பசை காய்ச்சி, மிச்சத்தைத் தன் கையாலேயே தெருத்தெருவாக ஒட்டினாள்.

வெட்டியும் பயனில்லை. அரியாங்குப்பத்துச் சொந்தக்காரர்கள் தெருமுனையிலிருந்தே மாரடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். தலை நிறைய மல்லிகையும் நெற்றியில் பொட்டுமாக அத்தை கதவைத் திறந்ததும் அழுகை பாதியில் நின்றது. அம்மாவுக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. எனக்கும்தான்.

அத்தை என் பள்ளிக்கூடச் சுவரையும் விட்டுவைக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு வந்த டீச்சர் கண்கலங்கி, வகுப்பையே எழுப்பி மௌன அஞ்சலி செலுத்தச் சொன்னார். நானும் எழுந்து நின்றேன். மாமா சாகவில்லை என்று வாய் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் என்னை ஏறெடுத்தும் பார்க்காத முதல் பெஞ்சுக்காரி அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காணாமல் போன மாமாவைவிடச் செத்துப்போன மாமாவுக்கு மரியாதை அதிகம் என்று புரிந்தது.

அந்த நேரம் பார்த்து, பசை வாளியோடு அத்தை வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"என்னா டீச்சர் இது? உசுரோட இருக்கறவருக்கு எதுக்கு மௌனம்? அவரப் பத்திப் பேசுங்க. நாமளே பேசாம நின்னுட்டா அப்பறம் அவர யாரு தேடுவாங்க?"

வகுப்பு அத்தையின் தலைப்பூவையும் முழங்கைவரை காய்ந்திருந்த பசையையும் பார்த்தது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். முதல் பெஞ்சுக்காரி என் கையை மெல்ல விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் அத்தை என்னை மணக்குள விநாயகர் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மாமா செத்துவிட்டார் என்று சீக்கிரம் தந்தி வரட்டும் பிள்ளையாரே என்று வேண்டிக்கொண்டேன். தந்தி வந்துவிட்டால் அத்தை நாலு பேரைப் போல வீட்டோடு இருப்பாள், நானும் தலை நிமிர்ந்து பள்ளிக்கூடம் போகலாம். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

கண்ணைத் திறந்தால் அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமாவுக்காக இவ்ளோ நேரம் வேண்டிக்கினியாடி? சின்னப் புள்ள கேட்டா சாமி இல்லன்னு சொல்லாது" என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

அவள் கேட்டது வரும், இல்லாவிட்டால் நான் கேட்டது வரும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டில் எதுவுமே வராமல் ஒரு ஆயுசு முழுக்கப் போய்விடும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.