சங்கு ஊதும் இடத்தில் நின்ற பதிகம்

எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குச் சங்கீதம் கற்பிக்க வரும் ஆசிரியர்மீது எனக்கு நல்லெண்ணம் இல்லை. இனி வரப்போவதும் இல்லை. வயது முதிர்ந்தவன் சினத்தைத் துறக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். துறந்துவிட்டதாக நடிப்பது அதைவிடப் பெரிய பாவம் என்பதால் இதை எழுதுகிறேன்.

தெமோதரைக்கு மேலே, தேயிலைச் சரிவின் நடுவில் இருக்கிறது எங்கள் அம்மன் கோயில். வெள்ளிக்கிழமைப் பூசையில் பதிகம் எடுத்துக் கொடுப்பவன் நான். ஓரடியை நான் பாடுவேன். கூட்டம் அதைத் திருப்பிப் பாடும். தொழிலாளர் லயத்து வீடுகளிலிருந்து பிள்ளைகள் சுண்டலுக்காகத்தான் வருவார்கள். முதல் சில வாரங்கள் ஒவ்வோர் அடியின் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக் கத்துவார்கள். பிறகு பாதியடி வரும். ஒருநாள் முழு அடியும் வாயில் வந்திருக்கும். எப்போது வந்தது என்று அவர்களுக்கே தெரியாது. அங்கே யாரும் யாருடைய குரலையும் நிறுத்துப் பார்த்ததில்லை. கேட்பவள் அம்மன், அவளுக்கு எல்லாக் குரலும் தான் பெற்ற குரல்தான்.

இந்த முறை போதாது என்று கோயில் சபைத் தலைவருக்குத் தோன்றிவிட்டது.

"பக்கத்துத் தோட்டத்துப் புள்ளைங்க பதுளையில போய் கப்பு வாங்கிட்டு வருதுங்க ஐயா. நம்ம புள்ளைங்க இன்னும் சுண்டலுக்குத்தான் பாடுதுங்க" என்றார் கூட்டத்தில். எல்லோரும் சிரித்தார்கள்.

"சுண்டலுக்குப் பாடுனாலும் சாமி முன்னால நின்னு பாடுதுங்க. கப்புக்குப் பாடுனா யாரு முன்னால நிக்கும்?" என்று கேட்டேன்.

"நடுவர் முன்னால" என்றார் ஒருவர். அதற்கும் சிரிப்பு.

பதுளை நகரத்திலிருந்து அந்த ஆசிரியர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். முதுகில் கீபோர்டு, சட்டைப்பையில் தங்கநிற நட்சத்திர ஸ்டிக்கர்கள். சரியாகப் பாடிய பிள்ளையின் சட்டையில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவார். தவறினால் ஒட்டியதைப் பிய்த்து எடுப்பார். "ஆசை காட்டாம எந்தப் புள்ளையும் படிக்காதுங்க ஐயா" என்று எனக்கு விளக்கம் சொன்னார். பசியுள்ள குழந்தைக்கு எதற்கு ஆசை காட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவருக்கு விளங்கியிராது.

முதல் வாரமே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக நிற்க வைத்துப் பாடச் சொல்லிக் குரல்களைத் தரம் பிரித்தார். தொழிற்சாலையில் கொழுந்தை வகை பிரிப்பதைப் போல.

அவர்களில் ஒருத்தி, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தாயோடு புதிதாகக் குடிவந்த சிறுமி. தாய் எங்கள் மலையில் கொழுந்து பறிக்கிறாள். மகளுடைய குரல் கனமானது, கரகரத்தது. மழை விட்டபின் ஓடையில் கல் உருளுவதுபோல் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் வாசற்படியருகே நின்று அவள் பாடினால், கூட்டம் முழுவதற்கும் அடியில் ஒரு தரை போட்டதுபோல் ஆகிவிடும். வேறு எதையும் அவள் அவ்வளவு விரும்பிச் செய்து நான் பார்த்ததில்லை. பாடுவதற்காக மாத்திரம் மழையில் நனைந்து வருவாள். சுண்டலை மறந்துவிட்டுப் போவாள்.

தரம் பிரித்த அன்று அவள் பாடத் தொடங்கியதும் பிள்ளைகள் சிரித்தார்கள். "ஆம்பளக் கொரலு" என்றது ஒன்று. ஆசிரியரும் சிரித்தார். பிறகு சொன்னார்:

"நீ பின்வரிசையில நில்லு. ஆள் எண்ணிக்கைக்கு நீ வேணும். வாய மட்டும் அசை. சத்தம் வரக்கூடாது."

கொஞ்ச நாளில் அவளுடைய தாய் என்னைத் தேடி வந்தாள். கொழுந்துக் கூடையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"ஐயா, புள்ள வீட்டுல கண்ணாடி முன்னால நின்னுக்கிட்டு வாய மட்டும் அசைக்கிறா. என்னாடின்னு கேட்டா, இதுதான் வீட்டுப்பாடம்ங்கிறா. சத்தம் வந்துச்சுன்னா பாட்டு சேர் போட்டிக்குப் போற வேன்ல ஏத்த மாட்டாராம். தண்ணி எடுக்கப் போறப்ப பாடிக்கிட்டே போவா. இப்ப அதும் இல்ல. எனக்குப் பயமா இருக்கு."

அடுத்த ஞாயிறு ஆசிரியரை மண்டப வாசலில் நிறுத்தினேன்.

"புள்ளைய ஊமையாக்கவா ஒங்கள வரச் சொன்னோம்?"

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. பக்தி வேற, போட்டி வேற. சுருதி சேராத கொரல் ஒண்ணு போதும், மத்த புள்ளைங்க ஒழைப்பு அத்தனையும் போயிரும்."

"சேரலைன்னா சேத்து விடுறதுதானே ஒங்க தொழில்?"

"அதுக்கு வருஷக்கணக்காகும். போட்டி அடுத்த மாசம்."

இவ்வளவையும் பணிவாகச் சொன்னார். அந்தப் பணிவை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

போட்டிக்கு அவர் தேர்ந்தெடுத்தது, விடியற்காலையில் எங்கள் கோயில் ஒலிபெருக்கியில் போடும் பதிகம். பிள்ளைகளின் காதில் ஏற்கெனவே ஏறிய பாட்டு, எளிதாக வரும் என்று கணக்குப் போட்டார். பாடவிட்டால், எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் அடியின் முடிவில் சொல்லிவைத்தாற்போல் நின்றார்கள். மறுபடி பாடினார்கள், மறுபடியும் அங்கேயே நின்றார்கள். சோம்பல் என்று முடிவு செய்து எல்லாருடைய நட்சத்திரங்களையும் பிய்த்தார்.

அது சோம்பல் அன்று. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் பூசாரி ஒலிபெருக்கியை நிறுத்திவிடுவார். சங்கு ஊதும்போது பாட்டு மூன்றாம் அடியின் கடைசியில் இருக்கும். பெரியவர்கள் கூடையை எடுப்பார்கள், பிள்ளைகள் புத்தகப்பையை எடுப்பார்கள். விடியற்பாட்டு என்பதால் வெள்ளிக்கிழமைகளில் நான் அதை எடுப்பதில்லை. இந்தத் தோட்டத்தில் பிறந்த எவரும் அந்தப் பதிகத்தின் நாலாம் அடியைக் கேட்டதே இல்லை.

இதை ஆசிரியரிடம் சொன்னேன். "அவ்வளவுதானா? மீதிய மனப்பாடம் பண்ண வச்சிட்டாப் போச்சு" என்றார். பண்ண வைத்தார். பிய்த்த நட்சத்திரங்கள் திரும்ப ஒட்டப்பட்டன.

போட்டி நடந்த மண்டபம் பதுளைப் புகையிரத நிலையத்துக்கு அருகில் இருந்தது. பிள்ளைகளுக்கு விபூதி பூசி அனுப்ப ஒரு கிழவன் வேண்டும் என்று என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள். பூசினேன். பின்வரிசைச் சிறுமி நெற்றியைக் காட்டியபோது அவள் உதடுகள் ஏற்கெனவே ஓசையின்றி அசைந்துகொண்டிருந்தன.

பிள்ளைகள் நன்றாகப் பாடினார்கள். மனமில்லாமல்தான் ஒப்புக்கொள்கிறேன். முதலடி, இரண்டாம் அடி, பிழையே இல்லை. தாய்மார்கள் கைப்பேசிகளை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். மூன்றாம் அடி முடியும் தறுவாயில், நிலையத்திலிருந்து புறப்பட்ட ரயில் ஊதியது. எங்கள் தொழிற்சாலைச் சங்கைப் போலவே நீண்டு ஊதியது.

அத்தனை வாய்களும் மூடிக்கொண்டன. முன்வரிசையில் ஒரு பொடியன் புத்தகப்பையைத் தேடித் தரையைப் பார்த்தான்.

ஆசிரியரின் விரல்கள் கீபோர்டின்மேல் அப்படியே நின்றன. அந்த அமைதியில், பின்வரிசையிலிருந்து நாலாம் அடி எழுந்தது. கனத்த, கரகரத்த, தனிக்குரல். எங்கள் சங்கைக் கேட்டு வளராத ஒரே பிள்ளை அவள்தான். பழைய தோட்டத்துக் கோயிலில் அந்தப் பதிகத்தை முடிவுவரை பாடியிருக்கிறாள். அவளுக்கு அந்த இடம் நிற்கும் இடம் இல்லை. யாரையும் பார்க்காமல், முன்னால் அம்மன் இருப்பதைப் போல நேரே பார்த்துப் பாடினாள்.

ஆசிரியர் நினைத்திருந்தால் அந்தக் குரலோடு விரலை ஓட்டியிருக்கலாம். ஒரு சுரம் போதும், மற்றப் பிள்ளைகள் சேர்ந்திருப்பார்கள். அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். உதட்டின்மேல் விரலை வைத்தார்.

அவள் பாதிச் சொல்லில் நிறுத்தினாள். உதடுகள் மட்டும் அடியை முடித்தன. நேரம் முடிந்ததென்று மணி அடித்தார்கள், பிள்ளைகள் மேடையிலிருந்து இறங்கினார்கள்.

திரும்பும் வேனில் ஆசிரியர் சொன்னார்: "மத்தவங்க நின்னதக்கூடச் சமாளிச்சிருப்பேன். இடையில அந்தக் கொரல் வந்துதான் கெடுத்துச்சு. சொன்ன பேச்சுக் கேக்கல."

"நம்ம தோட்டத்துப் புள்ளையா இருந்தாக் கேட்டிருக்கும்" என்றாள் ஒரு தாய்.

"நம்ம தோட்டத்துப் புள்ளைங்கதாம்மா ரயில் கோச்சிச் சத்தத்துக்கு வாய மூடுனது" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிறுமி கடைசி இருக்கையில் சன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும்.

சபைக் கூட்டத்தில், அந்த மனிதர் இனி இந்த மண்டபத்தில் கால் வைக்கக்கூடாது என்று சொன்னேன். தலைவர் எனக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். "அடுத்த வருஷம் கப்பு நிச்சயம்னு சேர் சொல்றாருங்க. பெரியவங்க நீங்க ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றார். தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். பழையபடி வாசற்படியருகே நின்றாள். வேண்டுமென்றே அந்தப் பதிகத்தையே எடுத்தேன். கூட்டம் திருப்பிப் பாடியது. மனப்பாடம் செய்த பிள்ளைகள் நாலாம் அடியையும் உரக்கப் பாடினார்கள். அந்தக் கூட்டுக் குரலுக்கு அடியில் தரை இல்லை. காது கொடுத்துத் தேடினேன், இல்லவே இல்லை.

தீபாராதனையில் மணியும் மேளமும் ஒன்றாக முழங்கின. எவர் பாடினாலும் எவருக்கும் கேட்காத நேரம் அது. விபூதித் தட்டை ஏந்திக்கொண்டு அவளருகே போய்க் குனிந்தேன். உதடுகள் ஓரெழுத்துத் தவறாமல் அசைந்தன. வந்தது மூச்சு மட்டுந்தான்.

மணி ஓய்ந்ததும், "சத்தமாப் பாடு பாப்பா. இங்க சேர் இல்ல. அம்மன் மட்டும்தான் இருக்கு" என்றேன்.

விளங்காத மொழியில் பேசியவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். பிறகு, வாரக்கணக்காக நான் கேட்கத் தவித்த அந்தக் கரகரத்த குரலில், மிகவும் மரியாதையாகச் சொன்னாள்:

"பாடிக்கிட்டுத்தான் இருக்கேன் தாத்தா."

நெற்றியில் விபூதியை இட்டேன். ஞாயிறு காலையில் மோட்டார் சைக்கிள் வழக்கம்போல் மலையேறி வந்தது. பிள்ளைகள் நட்சத்திரத்துக்கு ஓடினார்கள். அவளும் போனாள்.