மேசையில் என் ஹெல்மெற்

எங்கள் கிளிநொச்சி அலுவலகத்தில் கூட்ட அறைகள் இரண்டு. பெரியதற்குக் கதவில்லை. சின்னதற்குக் கதவுண்டு, அதனால் அதற்குத்தான் அடிபாடு. அறை பிடிக்கும் முறை எளிது. காலையில் வந்ததும் மேசையில் ஹெல்மெற்றை வைத்துவிட வேண்டும். பஸ் யன்னலால் கைக்குட்டை போட்டு சீற் பிடிக்கிற அதே சட்டம். மோட்டார் சைக்கிளே இல்லாத ஒருவர் ஹெல்மெற் மட்டும் வாங்கி வைத்திருந்தார்.

இந்தச் சட்டத்தில் தோற்றுக்கொண்டே இருந்தவர், மனக்கவலைகளைக் கேட்டு ஆற்றுப்படுத்தும் எங்கள் உளவளத்துணை அக்கா. அவரிடம் வரும் பெண்களின் கதைகளுக்குக் கதவு வேண்டும். கண்டாவளையிலிருந்து ஒரு பெண் மூன்று தரம் வந்து, விறாந்தையில் இருந்து, மழையைப் பற்றி மட்டும் கதைத்துவிட்டுப் போயிருந்தார்.

"தம்பி, அடுத்த தரமும் மழைதான் எண்டால் அவா பிறகு வரமாட்டா. என்னவாவது செய்யுங்கோ," என்றார் அக்கா.

எனக்குக் கணினி தெரியும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. ஒருநாள் பிரிண்டரைத் தட்டினேன், அது வேலை செய்தது. அவ்வளவுதான்.

அறைகளைப் பதிவு செய்ய மென்பொருள் தேடினேன். ஒன்று, கட்டடம் எத்தனை மாடி என்று கேட்டது. தகரக் கூரை என்று எழுத இடமில்லை. இன்னொன்று பத்து அறைக்குக் குறைந்தவர்களோடு கதைக்காதாம். மூன்றாவது இலவசம். எல்லாருடைய போனிலும் நானே போட்டுக்கொடுத்தேன். பாவித்தவர் அக்கா மட்டும்தான். ஒவ்வொரு செவ்வாயும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை சின்ன அறை. பதிவானதற்கு அடையாளமாகத் திரையில் பச்சைக் கட்டம் விழுந்ததும் அந்தப் பெண்ணுக்குப் போன் எடுத்து, "இனிக் கதவிருக்கு, வாங்கோ," என்றார்.

மற்றவர்களுக்கும் பழக்க வேண்டுமே. பணிப்பாளர் செவ்வாய்க்கிழமை பயிற்சி வையும் என்றார். ஓம் என்றேன். அன்று வெள்ளனவே வந்து, இடம் பறிபோகக் கூடாதென்று, சின்ன அறை மேசையில் என் ஹெல்மெற்றை வைத்தேன்.

கதவைச் சாத்தி, எல்லாப் போன்களின் சத்தத்தையும் நிறுத்திவிட்டு, அறை எடுக்க முதல் போனைப் பார்க்க வேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் விளங்கப்படுத்தினேன். பதினொரு மணியளவில் ஒருவர் கேட்டார்:

"இப்ப இந்த அறை ஆருக்கெண்டு காட்டும் பாப்பம்."

திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். அக்காவின் பெயர். எல்லாரும் சிரித்தார்கள். பழக்கதோஷத்தில் நானும் கொஞ்சம் சிரித்துவிட்டுத்தான் வெளியே ஓடினேன்.

விறாந்தையில் அக்கா தனியே இருந்தார். பக்கத்துக் கதிரையில் ஒருவருமில்லை.

"தட்டியிருக்கலாமே அக்கா."

"காலமை ஹெல்மெற்றைக் கண்டனான். இண்டைக்கும் இல்லையெண்டு விளங்கிட்டுது."

"அவா?"

"பத்தரை பஸ்சுக்குப் போயிட்டா. இந்தமுறை மழையைப் பற்றியும் கதைக்கேல்லை."

அந்தப் பெண் பிறகு வரவில்லை. அக்கா கண்டாவளைக்கே போய்ப் பார்த்தார். மாமியாரும் பக்கத்தில் இருக்க, அந்தப் பெண் நெல்லுக்கு வந்த நோயைப் பற்றிக் கதைத்து, தேத்தண்ணி தந்து அனுப்பினாராம்.

பச்சைக் கட்டத்தை அழிக்க அக்கா சொல்லவில்லை, எனக்கும் கை வரவில்லை. செவ்வாய் பத்து மணிக்கு என் போன் இன்றைக்கும் மணியடித்து நினைவூட்டும். எட்டிப் பார்ப்பேன். சின்ன அறை மேசையில் யாருடையதோ ஒரு ஹெல்மெற் இருக்கும். அது என்னுடையதில்லை. என் மென்பொருளால் வந்த முன்னேற்றம் அவ்வளவுதான்.