மாணிக்கம் அண்ணன் படகைத் தரைதட்ட வைக்கவில்லை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ராமு தொலைபேசியில் அழைத்தார். "சார், மாணிக்கம் அண்ணே போயிட்டாருலா. நாலு மணிக்கு எடுக்குறாங்க. வாங்க."

நான் இருக்கும் குனோங் ராபாட்டிலிருந்து அவர் ஊரான சித்தியவானுக்குப் போய்ச் சேர்ந்தேன். சாவு வீட்டுக் கூடாரத்தின் கீழ் நம் படகுச் சங்கத்து நண்பர்கள் இருவர் பேசியது காதில் விழுந்தது. "நல்ல மனுசன். என்ன, படகக் கொண்டுபோயி சேத்துல ஏத்திட்டாரு." நான் அவர்களைக் கடந்து உள்ளே போனேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் சங்கத்தின் சிறிய பாய்மரப் படகில் லுமுட்டிலிருந்து பினாங்குக்குப் புறப்பட்டோம். சுக்கான் அண்ணனிடம். பாய், என் பழைய மாணவரான ராமுவிடம். கடல் ஏற்ற இறக்க நேரங்களைக் குறித்து வைப்பது என் வேலை. அட்டவணையைப் பார்த்து முன்கூட்டியே குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். பிறகு ராமு வீட்டார் தீமிதிக்காகப் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போனது. ஒரு வாரத்தில் ஏற்றமும் இறக்கமும் இடம் மாறிவிடும்; நேரங்களை நான் மாற்றி எழுதவில்லை.

கோலா செப்பெத்தாங் முகத்துவாரத்தில் அண்ணன் காற்றை முகர்ந்தார். "சேத்து வாடை அடிக்குது சார். தண்ணி இறங்குற மாதிரி இருக்கு. பாத்துச் சொல்லுங்க."

நான் கடலைப் பார்க்கவில்லை, குறிப்பேட்டைப் பார்த்தேன். "ஏறுது அண்ணே."

"சார் புக்குல ஏறுதுன்னா கடலு கேட்டுத்தானே ஆவணும்!" என்று ராமு சிரித்தார்.

கால் மணி நேரத்தில் படகு சேற்றில் ஏறிச் சாய்ந்தது. சுக்கான் முறிந்தது.

சங்கக் கூட்டத்தில் காரணம் கேட்டார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். ராமு ஏதோ சொல்ல எழுந்து, ஆசிரியர் என்ற மரியாதையில் உட்கார்ந்துவிட்டார். "சுக்கான் என் கையில இருந்துச்சு. என் தப்புதான்லா," என்றார் அண்ணன். அதன்பின் சங்கம் அவரிடம் படகைக் கொடுக்கவே இல்லை.

சென்ற ஆண்டு சித்தியவான் சந்தையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் கடிதாசி எழுதிக் குடுக்குறீங்க. எனக்கு ஒன்னு எழுதுங்க சார், சங்கத்துக்கு, படகு கேட்டு. கண்ணு மங்கிக்கிட்டே வருது, தெரியுறப்பவே ஒரு தடவ கடலுக்குப் போயிட்டு வாரேன்."

எழுதுகிறேன் என்றேன். மூன்று முறை தொடங்கினேன். மூன்றிலும் என் பெயர் வர வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. மழைக்காலம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் அவருக்குப் பார்வை போய்விட்டது.

சங்கத்து நண்பர்களே, படகு தரைதட்டியது என் தவறால். இதை எழுதப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவருடையவை என்று என்னிடம் இருப்பவை எட்டு ஆண்டுகள். அவற்றை அவர் கடலில் கழித்திருக்க வேண்டும்.