பின்புறமாக இறங்கிய படிகள்

திங்கட்கிழமை காலையில் மீட்டரக்கா மூன்றாம் மாடியிலிருந்து பின்புறமாகப் படியிறங்கினாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு "அம்மாடி". இரண்டாம் மாடித் தையல்காரர் கதவைத் திறந்து பார்த்தார்.

"என்னக்கா, ஏறுறீங்களா இறங்குறீங்களா?"

"எனக்கே தெரியல தம்பி. காலைத்தான் கேக்கணும்."

முந்தின நாள் மாரத்தான் பந்தயத்தில்தான் அவள் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி முடித்திருந்தாள், ஐம்பத்து மூன்று வயதில். ஆறு மணி நேரம் பத்து நிமிடம். அவள் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கட்டிவைத்த பெட்டியைத் திறந்துதான் மெடலை எடுத்துக் கொடுத்தார்கள்.

இருபத்தாறு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டரில் ரீடிங் எடுத்தவள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. எந்த வீட்டு நாய் குரைக்கும், எது கடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பதவி உயர்வு கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்த பிறகு கால் சும்மா இருக்கவில்லை. விடியற்காலையில் நடக்க ஆரம்பித்தாள், நடை ஓட்டமானது.

அந்தத் திங்கட்கிழமை இரண்டாம் மாடியைத் தாண்ட முடியவில்லை. திரும்பி ஏறி, ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுத் தங்கைக்கு போன் போட்டாள். பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கும் தங்கை இரண்டு பஸ் மாறி மத்தியானத்துக்குள் வந்துவிட்டாள். இருவருக்கும் சண்டை எதுவும் இல்லை. வேலை, வீடு, தூரம் என்று அப்பா போனபிறகு கல்யாணம் காட்சியில் பார்த்துக்கொள்வதோடு சரி.

"இந்த வயசுல உனக்கு இது தேவையா?" என்று கேட்டுக்கொண்டே தங்கை வாளியில் வெந்நீர் ஊற்றி உப்பைப் போட்டாள்.

"சுடுதுடி!"

"சுடட்டும். ஓடும்போது சுடலையா?"

ஊறிய காலைத் துடைத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள் தங்கை. கட்டைவிரல் நகம் கன்றிக் கறுத்திருந்தது. இரண்டாம் விரல் மற்றவற்றைவிட நீளம்.

"அப்பா விரல்," என்றாள் தங்கை.

லாரி ஓட்டிய அப்பா சனிக்கிழமைதான் வீட்டில் இருப்பார். ஜன்னலோரம் செய்தித்தாளை விரித்து, இரண்டு பேர் காலையும் மடியில் வரிசையாக வைத்து நகம் வெட்டுவார். வெட்டிய துண்டு தெறித்து ஓடினால், "பிடி, பிடி, தப்பிக்குது!" என்று அவரே கத்துவார். இருவரும் தரையில் தவழ்ந்து தேடுவார்கள். அடுப்படியிலிருந்து அம்மாவின் திட்டு வரும். அந்தத் தரையின் குளிர்ச்சி மீட்டரக்காவுக்கு இன்னும் முழங்காலில் இருந்தது.

நகவெட்டியை எடுத்த தங்கை தலை நிமிராமல் சொன்னாள்: "நேத்து முப்பதாவது கிலோமீட்டர்ல நான் இருந்தேன்."

"எங்க?"

"பாலத்துக்குக் கீழ, தண்ணி குடுக்கிற மேஜைக்குப் பின்னாடி. நீ அழுதுக்கிட்டே நொண்டி நொண்டி வந்த. கூப்பிட வாயெடுத்தேன். என்னைப் பார்த்தா அங்கயே உக்காந்துருவன்னு பயமா இருந்துச்சு. மேஜைக்கடியில குனிஞ்சுட்டேன்."

மீட்டரக்கா தங்கையைப் பார்த்துச் சொன்னாள்: "யாராச்சும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்களான்னுதான்டி அங்க அழுதேன்."

தங்கையின் கை நின்றது. "அப்ப நான் தப்புப் பண்ணிட்டேனா?"

"இல்ல. கூப்பிட்டிருந்தா நிச்சயமா உக்காந்திருப்பேன்." சொல்லிவிட்டு அக்கா, மேஜைக்கடியில் குனிந்த தங்கையை நினைத்துச் சிரித்தாள். சிரித்ததில் தொடை சுண்டி இழுக்க, சிரிப்பும் "ஐயோ"வும் சேர்ந்தே வந்தன.

தங்கை மூன்று நாள் தங்கினாள். சின்ன வயதுபோல ஒரே கட்டிலில் படுத்தார்கள். தூக்கத்தில் உதைக்கும் பழக்கம் தங்கையை விட்டுப் போகவே இல்லை. வியாழக்கிழமை மீட்டரக்கா தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு நேராகவே படியிறங்கினாள். பஸ் நிறுத்தத்து பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். தங்கை போகவேண்டிய பஸ் வந்தது. பேச்சு முடியாததால் அதை விட்டார்கள். அடுத்ததையும் விட்டார்கள்.