கொள்ளு பூசிய கன்று

விஜய வருஷம் மாசி, அதாவது 1954இன் தொடக்கம். ஓசூர் தாலுகாவில் எங்கள் ஊரில் கொள்ளு அடித்து முடித்திருந்தார்கள். பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவுக்குப் பால் சுரக்கவில்லை. ஊரில் மற்ற மாடுகள் வற்றிவிட்டதால், எங்கள் பசுவின் பாலில்தான் குழந்தை பிழைத்துக் கிடந்தது. அந்தச் சமயத்தில் பசுவின் கன்று செத்தது. பசு பாலை அடக்கிக்கொண்டது.

வழக்கப்படி கன்றின் தோலுக்குள் கேழ்வரகுத் தாளைத் திணித்துத் தைத்து, குச்சிகள் கொடுத்து நிறுத்தினோம். பசு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளிப் பக்கம் வாங்கிய மாடு என்பதால் அம்மா கன்னடத்தில் கொஞ்சிப் பார்த்தாள். பலிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மாட்டின் தெம்புக்கும் பாலுக்கும் கொள்ளுதான். மொச்சைத் தொலியான பொட்டு அதற்கு அடுத்தபடி. அம்மா வெந்த கொள்ளை உப்போடு மசித்துத் தோல் கன்றின் முதுகில் பூசினாள். பசு நக்கியது. பால் இறங்கியது.

அதிலிருந்து தினமும் கொள்ளு மசிப்பது அக்காவின் வேலை ஆயிற்று. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே மசிப்பாள். அவள் சேலையெல்லாம் அந்த வாசனை.

நக்க நக்கத் தோலில் மயிர் உதிர்ந்தது. பிறகு தையல் விட்டது. ஒரு நாள் காலையில் தொழுவத்துக்குப் போனால், குச்சிகளில் வெறும் தோல் தொங்கியது. வயிற்றிலிருந்த தாளைப் பசு தின்றுவிட்டு, சாவதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. அம்மா காம்பைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

வீட்டுக்குள் குழந்தை பசியில் அழுதது. பசு அசை போடுவதை நிறுத்தி, சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பியது. காம்புகளிலிருந்து பால் தானாகச் சொட்டியது. அழுகை நின்றதும் அதுவும் நின்றது.

"புள்ளைய இங்க கொண்டா" என்றாள் அம்மா.

அக்கா தொழுவ வாசலில் வந்து நின்று, தொங்கிய தோலைப் பார்த்தாள். "அதை என்ன பண்ணி வச்சிருக்குதுன்னு பாத்தியாம்மா?"

"புள்ள பட்டினி கிடக்குது."

அக்கா குழந்தையை முந்தானையில் சுற்றி, எட்டாத தூரத்தில் நின்றாள். பசு நாக்கை நீட்டிக்கொண்டு முன்னால் இழுத்தது. கொள்ளு வாசனைக்கா, குழந்தைக்கா, தெரியவில்லை. நான் கழுத்துக் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தேன். செம்பில் பால் விழுந்தது.

பாதியில் பால் தாரை இளைத்தது. அம்மா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். கயிற்றை விட்டுவிடாதே என்று என்னிடம் சொல்லிவிட்டு, அக்கா ஓரடி முன்னால் வைத்தாள்.