சுத்த ரத்தம்

பரிசோதனைக் கூடத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ‘சுத்த ரத்தம்’. சொந்த உடம்பையே எதிராளியாக நினைத்துத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் நோயாளியின் ரத்தத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. செல்கள் ஒட்டிய கண்ணாடித் தகட்டில் ரத்த நீரை விட்டு, கழுவி, ஒளிரும் சாயம் போட்டு, இருட்டறையில் நுண்ணோக்கி வழியாகப் பார்ப்பார். எதிர்ப்பொருள் இருந்தால் செல்களின் கரு பச்சையாக மினுங்கும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டுமே! பதினோரு வருடமாக அது அவருடையதுதான்.

அதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை. மைத்துனர் தும்மினால்கூட, “எங்க லேப்ல நார்மல்னா நான்தான்” என்பார். கேட்டுக் கேட்டு மனைவிக்குக் காது புளித்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை, தகட்டில் அவருடைய ரத்த நீர் விட்ட வட்டம், இருட்டாக இருக்க வேண்டியது, லேசாக மினுங்கியது, பொடிப்பொடிப் புள்ளிகளாக. சாயத்தைத் திட்டினார், தகட்டைத் திட்டினார். புதுத் தகட்டிலும் மினுங்கியது. எந்தப் புரதத்தை எதிர்க்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் பட்டையில் பார்த்தார். ஒரு கோடுகூட விழவில்லை. நிம்மதியாகியிருக்க வேண்டும். நன்றாக இருப்பவர்களிலும் சிலருக்கு இப்படி வரும் என்று தினமும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பவர் அவர்தானே?

ஆனால் மதியத்துக்குள் முழங்கால் வலித்தது. சாயங்காலம் கன்னத்தில் சிவப்புத் தடிப்பு தெரிந்தது.

“ஷேவ் பண்ணப்போ கீறினது” என்றாள் மனைவி.

“எனக்குள்ளயே எனக்கு எதிரி இருக்கான்டி.”

“பதினெட்டு வருஷமா உங்களோட குடித்தனம் பண்றது நான். எனக்கில்ல வரணும் அந்தக் கோவம்?”

மறுநாள் தலைமை மருத்துவரிடம் முடிவை நீட்டினார். “அடடா” என்றார் மேடம். அந்த அக்கறையில் இவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இனிமே நார்மலுக்கு யாரைப் பிடிக்கிறது?” என்றார் மேடம் தொடர்ந்து.

“மேடம், என் உடம்பு…”

“உங்களுக்கு ஒண்ணுமில்ல. ஆறு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்.”

ஒன்றுமில்லைதான். ஆறு மாதம் கழித்தும் புள்ளிகள் அப்படியே இருந்தன, ஆளும் குத்துக்கல் மாதிரி இருந்தார். போனது பதவி மட்டும்தான். கூடத்தில் எல்லோரையும் சோதித்ததில் துளியும் மினுங்காத ரத்தம், தரை துடைக்கும் அக்காவுடையது. ஊசி குத்தும் வேலை இவர் தலையில் விழுந்தது.

“இது பெரிய கௌரவம்க்கா” என்றார், ஊசியை எடுத்தபடி.

“கௌரவத்தை நீங்களே வெச்சுக்கங்க சார். ரத்தம் குடுக்குற அன்னைக்கு எனக்கு அரை நாள் லீவு வேணும்.”

மேடம் உடனே தலையாட்டினார். பதினோரு வருடத்தில் அப்படி ஒன்றைக் கேட்கலாம் என்றே இவருக்குத் தோன்றியதில்லை. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். இவர் அன்றைய சாம்பிள்களைத் தூக்கிக்கொண்டு இருட்டறைக்குள் போனார்.