மூலை வளைப்பவரின் இடது கை

சேவ் பண்ணியாகிவிட்டது. இன்னும் ஒன்றுமே செய்யவில்லை. கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து மூக்கைச் சொறிந்தார், அவ்வளவுதான். அதற்குள் இடது கை தானாகப் போய் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் அமுக்கிவிட்டது. என்றோ ஒருநாள் கரன்ட் போய் நாற்பது படம் பாழானதிலிருந்து அந்தக் கைக்குப் பிடித்த வியாதி. சாப்பிட உட்கார்ந்தால் மேசையையும் அமுக்கும். "சாப்பாட்டையுமா சேவ் பண்றீங்க?" என்பாள் மனைவி.

போட்டோக் கடையில் அவருக்கு வேலைகள் பல. ஆனால் படத்தின் நான்கு மூலைகளையும் வளைத்துக் கொடுக்கச் சொன்னால்தான் முகம் மலரும். கூரான மூலையைக் கண்டால் முழங்கால் தந்தியடிக்கும். மேசைமேல் டீ அலையடிக்கும். அந்த மேசையின் மூலைகளையே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டார். பிஸ்கட்டைக்கூட மூலை கடித்துவிட்டுத்தான் தின்பார்.

"நேரா வெட்டுனா கண்ணக் குத்துதுங்க. வளைச்சாத்தான் படம் அடக்கமா உக்காரும்" என்பது சித்தாந்தம்.

"யோவ், விட்டா என் கடையவே உருண்டையாக்கிருவ" என்பார் முதலாளி.

அன்றைக்கு ஒரு பெண் குடும்பப் படம் ஒன்றைப் பிரின்ட் போட பென் டிரைவோடு வந்தாள். பிரதி எடுத்து வைக்கப் பொறுமை ஏது? அதிலிருந்தே நேராகத் திறந்தார். மூலைகளை வளைத்து வெட்டினார். பின்னாலிருந்த சுவரின் கறைகளைப் புள்ளி புள்ளியாகத் துடைத்தார். கை தன் பாட்டுக்குச் சேவ் பண்ணிக்கொண்டே இருந்தது.

"அண்ணே... அந்த மூலையில என் தம்பி எட்டிப் பாத்துட்டு இருந்தானே?"

மேல் மூலையில் ஒரு காதுகூட மிச்சமில்லை.

"வேற காப்பி இருக்குமேம்மா?"

"ஃபோன்ல இருந்துச்சு. அது போச்சு. அவனும் போயி ரெண்டு வருஷமாச்சு. எங்ககூட அவன் இருக்கற படம் இது ஒண்ணுதாண்ணே."

திரைக்கு நெருக்கமாக நாற்காலியை இழுத்துக்கொண்டார். பென் டிரைவில் இருப்பது வெட்டுப்பட்ட படம். திரையில் திறந்து கிடப்பதை மூடாதவரை, செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கலைத்து ஐம்பது அடி பின்னால் போகலாம். அதற்கு மேல் முடியாது. கறை எத்தனை துடைத்தோம்? முப்பதா, அறுபதா? இந்தக் கை வேறு, எதையாவது அமுக்கி மூடித் தொலைத்தால்?

கீபோர்டை வெடுக்கென்று தூக்கி அவளிடம் நீட்டினார். "இத மடியில வெச்சுக்கம்மா. நானே கேட்டாலும் குடுக்காத."

மவுஸால் ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனார். கறைகள் ஒவ்வொன்றாகச் சுவருக்குத் திரும்பின. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. நாற்பத்தேழில் மூலை கூரானது. நாக்கைத் துருத்திக்கொண்டு தம்பிக்காரன் எட்டிப் பார்த்தான்.

"இருக்காண்ணே! இருக்கான்!"

வேறு பெயரில் சேவ் பண்ண வேண்டும். பெயரை அடிக்கச் சொல்லிக் கட்டம் வந்து நின்றது. கையை நீட்டினார். அவள் கீபோர்டைக் கட்டிக்கொண்டாள்.

"கேட்டாலும் குடுக்காதன்னு நீங்கதானே சொன்னீங்க? என்ன அடிக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

"தம்பிய எப்படிக் கூப்புடுவ? அதையே அடிம்மா."

ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தாள். அவர் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.